58 வயது முழங்காலும் 34 பல் கேசட்டும்

போன வருஷம் ஆடி மாசம் என் வலது முழங்காலுக்கு எம்ஆர்ஐ எடுத்தேன். ரிப்போர்ட்டைப் புரட்டிய டாக்டர், "தேய்மானம் சார். வயசாயிடுச்சுல்ல, சைக்கிளை நிறுத்திடுங்க. வாக்கிங் போனா போதும்" என்றார். மொத்தமே நாலு நிமிஷம். கீழே மருந்துக்கடையில் பத்து நாள் மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சைக்கிளை பால்கனி மூலையில் சாத்தி, மேலே ஒரு பழைய போர்வையைப் போட்டேன்.

நாலு மாசம் அது அப்படியே கிடந்தது. அந்த நாலு மாசத்தில் முட்டி சரியாகியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. எடை 5 கிலோ ஏறியது. படி இறங்கும்போது மட்டும் இருந்த வலி, ஏறும்போதும் வர ஆரம்பித்தது. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு கை ஊன்ற வேண்டியிருந்தது. வலது தொடையை டேப் வைத்து அளந்தால் இடதைவிட ஒன்றரை சென்டிமீட்டர் குறைவு. எங்கள் குழுவில் இதே வார்த்தையைக் கேட்டு, இதே மாதிரி நிறுத்தி, அப்புறம் திரும்பி வரவே வராத இரண்டு பேரை எனக்குத் தெரியும். அந்தப் பயத்தில்தான் படிக்க ஆரம்பித்தேன். நான் டாக்டர் இல்லை, முப்பது வருஷம் மெஷின் ஷாப்பில் இருந்தவன். அதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல் சிக்கல் 'தேய்மானம்' என்கிற சொல்லிலேயே இருக்கிறது. எங்கள் ஷாப்பில் பேரிங் தேய்ந்தால் தேய்ந்ததுதான். எத்தனை சுற்று ஓடியதோ அத்தனை ஆயுள் போச்சு, ஓட்டாமல் வைத்தால் மிச்சம். இந்தச் சொல்லை முட்டிக்குப் போட்ட உடனே மனசு அதே கணக்கைப் போட்டுவிடுகிறது. மிச்சம் இருக்கிற குருத்தெலும்பைச் செலவழிக்காமல் காப்பாத்தணும், அவ்வளவுதான். என் போர்வைக் கணக்கும் அதேதான்.

ஆனால் குருத்தெலும்பு உயிருள்ள திசு. அதற்கென்று ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கிற வழவழப்பான திரவத்திலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. பஞ்சை அமுக்கி விடும்போது தண்ணீர் வெளியே போய் உள்ளே வருகிற மாதிரி, சுமை ஏறி இறங்கும்போதுதான் அந்தத் திரவம் நன்றாகப் போய்வரும். சுமையே இல்லையென்றால் குருத்தெலும்பு மெலியும். தண்டுவடத்தில் அடிபட்டுக் கால் அசைக்க முடியாமல் போனவர்களின் முழங்கால்களை ஸ்கேன் செய்து பார்த்ததில், மாதங்கள் போகப் போகக் குருத்தெலும்பு மெலிந்துகொண்டே போனது பதிவாகியிருக்கிறது. பேரிங்கை உபயோகிக்காமல் வைத்தால் அது மெலியாது. இரண்டுக்கும் இருக்கிற வித்தியாசம் அங்கேயே தெரிகிறது.

அடுத்த விஷயம் எனக்கு இன்னும் ஆச்சரியமாக இருந்தது. குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் மட்டுமில்லை, நரம்பும் கிடையாது. அப்படின்னா வலிக்கிறது எது?

சான் பிரான்சிஸ்கோவில் ஸ்காட் டை என்று ஒரு எலும்பு மருத்துவர். இந்தக் கேள்விக்கு அவர் பதில் தேடிய விதம் கொஞ்சம் கிறுக்குத்தனமானது. தன்னுடைய இரண்டு முழங்கால்களுக்குள்ளும் ஆர்த்ரோஸ்கோப்பை விடச் சொன்னார், மூட்டுக்குள் மயக்க மருந்து எதுவும் போடாமல். சக மருத்துவர் ஒரு கம்பியால் உள்ளே ஒவ்வொரு இடமாகத் தொட, இவர் முழித்துக்கொண்டே படுத்து, எங்கே எவ்வளவு வலிக்கிறது என்று மதிப்பெண் சொன்னார். 1998ல் அது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. முட்டிச்சில்லின் அடிப்பக்கத்துக் குருத்தெலும்பைத் தொட்டபோது அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. பூஜ்யம். இத்தனைக்கும் அந்த இடத்தில் அவருடைய குருத்தெலும்பு ஏற்கெனவே நைந்துபோயிருந்தது, அதுவரை அவருக்கு வலியே இருந்ததில்லை. ஆனால் மூட்டைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வையும், முட்டிச்சில்லுக்குக் கீழே இருக்கிற கொழுப்புத் திட்டையும் தொட்டதும் துடித்துப்போனார். எங்கே தொட்டார்கள் என்று துல்லியமாகச் சொல்லவும் முடிந்தது.

ஆக, நமக்கு வலியைச் சொல்வது மூட்டைச் சுற்றியிருக்கிற சவ்வு, கொழுப்புத் திட்டு, தசைநாண், குருத்தெலும்புக்கு அடியில் இருக்கிற எலும்பு. இவை எல்லாவற்றுக்கும் ரத்த ஓட்டம் உண்டு. எரிச்சலாகும், வீங்கும், பிறகு அடங்கவும் அடங்கும்.

சரி, ஸ்கேனில் தெரிந்த அந்தத் தேய்மானம்? அமெரிக்காவில் ஃப்ராமிங்ஹாம் ஊர்க்காரர்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2012ல் வந்தது. எக்ஸ்ரேயில் எந்தக் கோளாறும் தெரியாத, 50 வயதுக்கு மேற்பட்ட 710 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள். 89% பேருக்கு ஏதாவது ஒரு கோளாறு தெரிந்தது. வலி இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தலைமுடி நரைத்ததை ஸ்கேன் எடுத்து எழுதிக்கொடுத்தால் எப்படியோ, என் ரிப்போர்ட்டில் பாதி அப்படித்தான் என்று இப்போது நினைக்கிறேன். மூட்டுவாதம் முற்றி, எலும்போடு எலும்பு உரசும் நிலைக்குப் போனவர்களின் கதை வேறு, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஐம்பதைத் தாண்டிய ஆளுக்கு எம்ஆர்ஐ சுத்தமாக வந்தால்தான் அதிசயம்.

அப்போ ஏன் வலி வந்தது? இதற்கும் ஸ்காட் டைதான் நல்ல விளக்கம் தருகிறார். ஒரு வரைபடம் போடுங்கள். கீழ்க்கோட்டில் எத்தனை தடவை, மேல்நோக்கிய கோட்டில் ஒரு தடவைக்கு எவ்வளவு சுமை. நடுவில் ஒரு வளைகோடு. அந்த வளைகோட்டுக்குள் இருக்கிற வரைக்கும் முட்டி அன்றன்றைக்கு ஆகும் சேதத்தை அன்றன்றைக்கே சரிசெய்துகொள்ளும். வெளியே போனால் எரிச்சல், வீக்கம், வலி. மோசம் என்னவென்றால், வெளியே போனபிறகு அந்த வளைகோடே சுருங்கிவிடும். நேற்று சும்மா ஏறிய படிக்கட்டு இன்றைக்குக் கோட்டுக்கு வெளியே. வயசாவதும் அந்தக் கோட்டைக் கொஞ்சம் உள்ளே இழுக்கிறது, சரிசெய்துகொள்கிற வேகத்தையும் குறைக்கிறது.

வயசு மட்டும் காரணமில்லை என்பதற்கு பெர்னார்ட் ஹினோவே சாட்சி. 1980 டூர் டி ஃபிரான்ஸில் மஞ்சள் ஜெர்சியோடு முதலிடத்தில் இருந்தபோது, முட்டி வலியால் போ நகரத்தில் போட்டியிலிருந்து விலகினார். அப்போது அவருக்கு வயது 25. அதே வருஷம் கோடை முடிவில் சலான்ஷில் உலக சாம்பியன் ஆனார். முட்டி தேய்ந்து தீர்ந்திருந்தால் ரெண்டே மாசத்தில் அது நடந்திருக்குமா?

இந்தப் படத்தை வைத்துக்கொண்டு என் டைரியைப் புரட்டினேன். வைகாசி வரைக்கும் வாரத்துக்கு 60 கி.மீ., எல்லாம் ஈசிஆர் சமதளம். ஏலகிரி போகலாம் என்று நண்பர்கள் முடிவு செய்ததும் மூன்றே வாரத்தில் அதை 190 கி.மீ. ஆக்கியிருக்கிறேன். பிறகு ஏலகிரி, 14 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவுக்கு மேல் முட்டிச்சில்லுக்குக் கீழே ஊசி குத்தியது. நிறுத்தவில்லை. "இவ்ளோ தூரம் வந்துட்டோம்" என்கிற வீம்பு. தேய்மானம் பத்து வருஷமாக இருந்திருக்கும், வலியை நான் மூணு வாரத்தில் சம்பாதித்தேன்.

அடுத்து, சைக்கிள் முட்டிக்கு எவ்வளவு பாரம் தருகிறது? பெர்லினில் ஒரு ஆராய்ச்சிக் குழு, முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் செயற்கை மூட்டுக்குள்ளேயே அளக்கும் கருவியைப் பொருத்தி, நேரடியாக விசையை அளந்தது. ஊகம் இல்லை, உள்ளேயிருந்து வந்த எண்கள். நடக்கும்போது உச்சத்தில் உடல் எடையைப் போல் 2.6 மடங்கு. படி ஏறும்போது 3.2 மடங்கு. படி இறங்கும்போது கிட்டத்தட்ட 3.5 மடங்கு. 60 வாட்டில் நிதானமாக சைக்கிள் மிதிக்கும்போது 1.2 மடங்கு. "சைக்கிள் வேண்டாம், வாக்கிங் போங்க" என்ற அறிவுரையை இந்த எண்களோடு வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடனே குதிக்க வேண்டாம். ஐந்து மணி நேரம் நிமிஷத்துக்கு 70 சுற்று மிதித்தால் ஒவ்வொரு காலுக்கும் 21,000 தடவை ஆகிறது. ஒரு தடவைக்கான சுமை சின்னது, தடவைகள் பெரியவை. அதனால்தான் சைக்கிளில் இருக்கிற சின்னத் தப்புகூட முட்டியில் வந்து நிற்கிறது. அதே பெர்லின் அளவீடுகள் இன்னொன்றும் சொல்கின்றன: வாட் ஏற ஏற விசை ஏறுகிறது, மிதிக்கும் வேகம் கூடினால் குறைகிறது.

இங்கேதான் கேசட் வருகிறது. கொஞ்சம் கணக்குப் போடுவோம். நானும் சைக்கிளும் தண்ணீர் பாட்டிலும் சேர்ந்து 85 கிலோ. 6% ஏற்றம் என்று வையுங்கள். புவியீர்ப்பும் டயர் உருளும் உராய்வும் சேர்ந்து சுமார் 55 நியூட்டன் பின்னால் இழுக்கும். என் காலால் மணிக்கணக்கில் தர முடிந்தது 120 வாட். வேகம் மணிக்கு 8 கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக வரும். என் சைக்கிளில் இருந்த மிகச் சிறிய கியர் முன்னால் 34 பல், பின்னால் 28 பல். பெடல் ஒரு சுற்றுக்கு 2.55 மீட்டர் போகும். அந்த வேகத்துக்கு நிமிஷத்துக்கு 51 சுற்றுதான் மிதிக்க முடியும். நான் விரும்பினாலும் வேகமாக மிதிக்க முடியாது, கியர் விடாது. பின்னால் 34 பல் கேசட் போட்டால் அதே வேகத்தில், அதே 120 வாட்டில், 62 சுற்று. பெடலில் சராசரி அழுத்தம் 13.5 கிலோவிலிருந்து 11 கிலோவாக இறங்கும். கால் கீழே தள்ளும் உச்சத்தில் இது ரெண்டு மடங்குக்குக் கிட்டப் போகும் என்பதால் உண்மையான சேமிப்பு இன்னும் பெரிது. தடவைகள் 20% கூடுகின்றனவே என்றால், கூடுகின்றன. அந்தப் பாரம் முட்டியிலிருந்து மூச்சுக்கு மாறுகிறது. மூச்சு வாங்கினால் இரண்டு நிமிஷத்தில் அடங்கும், முட்டிக்கு ஆறு வாரம் ஆகும்.

பெரிய கேசட் போடுவதில் நம்ம ஆட்களுக்கு ஒரு வெட்கம் இருக்கிறது. "அண்ணே, இது தாத்தா கியர்" என்று கடைப்பையனே சிரித்தான். நான் தாத்தாதானே? கேசட்டோடு செயினையும், பின்பக்க டிரெய்லியரையும் சேர்த்து மாற்ற வேண்டியிருந்தது. பழைய டிரெய்லியர் 28 பல்லுக்கு மேல் தாங்காது. வாங்கும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய கியரில் மெதுவாக மிதித்தே பழகிய கால் வயசானபிறகு மாறுமா என்று கேட்கலாம். ராபர்ட் மார்ஷான் என்ற ஃபிரெஞ்சுக்காரர் 2012ல், தன் 100வது வயதில், ஒரு மணி நேரத்தில் 24.25 கி.மீ. ஓட்டினார். இரண்டு வருஷம் கழித்து 102 வயதில் 26.927 கி.மீ. இடைப்பட்ட காலத்தில் அவரை வெரோனிக் பில்லா என்ற உடலியல் ஆய்வாளர் தொடர்ந்து அளந்தார். அவருடைய உச்ச சக்தி 90 வாட்டிலிருந்து 125 வாட்டாக ஏறியிருந்தது. அதற்கு முக்கியக் காரணம், உச்ச மிதி வேகம் 69லிருந்து 90 சுற்றாகக் கூடியதுதான். பயிற்சியிலும் ரகசியம் இல்லை. வருஷத்துக்கு 5,000 கி.மீ., அதில் 80% சுலபமான வேகத்தில்.

அடுத்தது சீட் உயரம். நம்ம ஊரில் சைக்கிள் ஓட்டுகிற பெரியவர்கள் நூறு பேரைப் பார்த்தால் பெரும்பாலும் சீட் தாழ்ந்திருக்கும். உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் பதியணும் என்று வைத்துக்கொள்வார்கள். டிராஃபிக்கில் அது பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் முட்டி ரொம்ப மடங்கியிருக்கும் நிலையிலேயே அழுத்தித் தள்ள வேண்டிவரும், முட்டிச்சில்லு தொடை எலும்பின் மேல் அழுந்தும். அதே அழுத்தம்தான், மடக்கம் கூடக் கூடச் சில்லுக்குப் பாரம் கூடும்.

நானும் இந்தத் தப்பைச் செய்திருந்தேன். இரண்டு வருஷம் முன்னால் சிக்னலில் ஒரு தடவை சாய்ந்து விழுந்த பயத்தில் சீட்டை இறக்கி வைத்தேன், அப்புறம் மறந்தே போனேன். அளந்து பார்த்தபோது 68.4 செ.மீ. கிரெக் லெமாண்ட் பிரபலமாக்கிய கணக்குப்படி, கால் உள்நீளத்தை 0.883ஆல் பெருக்கினால் வருவது பெடல் அச்சாணி நடுவிலிருந்து, அதாவது பி.பி. நடுவிலிருந்து, சீட் மேல்பக்கம் வரை உள்ள உயரம். என் உள்நீளம் 80 செ.மீ., ஆக 70.6 வந்திருக்கணும். உள்நீளம் அளப்பது சுலபம்: செருப்பில்லாமல் சுவரில் சாய்ந்து நின்று, ஒரு தடிமனான புத்தகத்தைக் கவட்டில் நன்றாக மேலே தூக்கிப் பிடித்து, தரையிலிருந்து புத்தக விளிம்பு வரை. கணக்கே வேண்டாமென்றால் சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராகணும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முட்டி 25லிருந்து 35 டிகிரி மடங்கியிருக்கும். ஆய்வுகளில் பரிந்துரைக்கப்படும் எல்லை அதுதான்.

இரண்டு சென்டிமீட்டரையும் ஒரே நாளில் ஏற்றாதீர்கள். வாரத்துக்கு 5 மி.மீ. போதும். தாழ்ந்த சீட்டில் பழகிய முட்டியின் பின்பக்கம் திடீர் உயரத்தில் கோபித்துக்கொள்ளும்.

வலிக்கிற இடத்தை வைத்துக் காரணம் தேடலாம். முன்பக்கம், சில்லைச் சுற்றி என்றால் சீட் தாழ்வு, சீட் ரொம்ப முன்னால் இருப்பது, அல்லது பெரிய கியர். பின்பக்கம் என்றால் சீட் ரொம்ப உயரம். உள்பக்கம், வெளிப்பக்கம் என்றால் பாதம் திரும்பியிருக்கும் கோணம், க்ளீட் போடுகிறவர்களுக்கு க்ளீட். இதெல்லாம் மெக்கானிக் அனுபவ விதிகள், ஆரம்பிக்க நல்ல இடம் என்கிற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, எழுதி வைத்தால்தான் எது வேலை செய்தது என்று தெரியும்.

இவ்வளவும் சுமையைக் குறைக்கிற வேலை. அந்த வளைகோட்டை வெளியே தள்ளுகிற வேலை சைக்கிளுக்கு வெளியே நடக்கிறது, நான் இருபது வருஷமாகத் தட்டிக் கழித்தது அதைத்தான். சைக்கிளில் கால் தள்ள மட்டும்தான் செய்கிறது. உடம்பைத் தாங்கிக்கொண்டே மெதுவாக இறக்குகிற வேலை தொடைக்குக் கிடையாது. படி இறங்கும்போது தேவைப்படுவது அதுதான். அதனால்தான் நூறு கி.மீ. ஓட்டுகிற ஆள் ஃபுட்போர்டிலிருந்து இறங்கும்போது முகம் சுளிக்கிறான். இப்போது வாரத்துக்கு மூன்று நாள் மூன்றே பயிற்சி. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து, நாலு எண்ணி மெதுவாக உட்காருவது. வாசல் படியில் ஒற்றைக் காலில் நின்று மறுகாலை மெதுவாகத் தரைக்கு இறக்குவது. சுவரில் முதுகைச் சாய்த்து அரை உட்காரலில் நிற்பது, முதலில் 20 வினாடி, இப்போது 45. சுலபமானதும் கையில் அரிசிப் பையைப் பிடித்துக்கொள்கிறேன். என் மனைவிக்கு இதில் கிடைக்கும் பொழுதுபோக்கு தனி.

வலித்தால் நிறுத்தணுமா என்பது அடுத்த குழப்பம். விளையாட்டுக் காயங்களுக்கு பிசியோதெரபிஸ்டுகள் பயன்படுத்தும் ஒரு முறையைப் பிடித்துக்கொண்டேன். வலிக்குப் பத்துக்கு மதிப்பெண் போடுங்கள். 2 வரை கவலையில்லை. 5 வரை பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிடணும். அதற்கு மேல் போனாலோ, மறுநாளும் இருந்தாலோ அடுத்த தடவை குறைக்கணும். எனக்கு மீட்டர், காலையில் பால் வாங்க இறங்குகிற மாடிப்படிதான். மார்கழியில் போர்வையை எடுத்துவிட்டு நீலாங்கரை வரைக்கும் 15 நிமிஷத்தில் ஆரம்பித்தேன். மாடிப்படி சம்மதித்தால்தான் அடுத்த வாரம் தூரம் கூடியது. இரண்டு தடவை சம்மதிக்கவில்லை, குறைத்தேன். பங்குனியில் 60 கி.மீ.

மாத்திரை விஷயத்தில் சுருக்கமாக. வலிநிவாரணி மாத்திரைகள், அதுவும் பிரஷர் மாத்திரையோடு சேர்ந்தால், நம்ம வயசில் சிறுநீரகத்துக்கு நல்லதில்லை. டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது. முட்டிக்கு டைக்ளோஃபெனாக் ஜெல் தடவுவதை மருத்துவ வழிகாட்டிகளே முதலில் சொல்கின்றன. குளுக்கோசமைன் டப்பாவுக்கு மாசாமாசம் கொடுக்கிற காசுக்கு 2006ல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வைப் படிக்கலாம். 1,583 பேரை வைத்துப் பார்த்ததில் மொத்தத்தில் அது வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை. என் அலமாரியில் இன்னும் அரை டப்பா இருக்கிறது.

எதற்கு உடனே டாக்டரிடம் போகணும்? முட்டி நன்றாக வீங்கினால், பாதியில் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனால், நடக்கும்போது காலை வாரிவிட்டால், சூடாகிக் காய்ச்சலும் வந்தால், ராத்திரி சும்மா படுத்திருக்கும்போது வலி எழுப்பினால், கீழே விழுந்து ஆரம்பித்த வலியாக இருந்தால். இந்தப் பட்டியலில் எதையும் கேசட் மாற்றிச் சரிபண்ண முடியாது.

இப்போது கையில் இருக்கிற கடைசிப் பரிசோதனை கிராங்க். என்னுடையது 170 மி.மீ. கிராங்க் நீளம் குறைந்தால் பெடல் மேலே வரும்போது முட்டி மடங்குவது குறையும். நீளம் குறைந்தால் சக்தி போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். 120லிருந்து 220 மி.மீ. வரை ஐந்து நீளங்களைச் சோதித்த 2001 ஆய்வில், உச்ச சக்தியில் அத்தனை நீளங்களுக்கும் நடுவே வித்தியாசம் சுமார் 4%தான். 165 மி.மீ. கிராங்க் சொல்லி வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் வரும் என்கிறார் கடைக்காரர். மாட்டின கையோடு சீட்டை 5 மி.மீ. ஏற்றணும், இல்லாவிட்டால் பெடல் அடியில் இருக்கும்போது கால் அதே அளவு கூடுதலாக மடங்கிவிடும். ஏற்றும் முன் பழைய உயரத்தில் சீட் போஸ்ட்டைச் சுற்றி ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டி வைப்பேன்.